அம்மாவுக்கு வலை வைக்கலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு 54 வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். நாங்கள் நாலு பிள்ளைகள், எல்லாம் சுகப் பிரசவம். ஐந்தாறு வருஷமாக அடி இறங்கியிருப்பதைப் போன மாதம்தான் என்னிடம் சொன்னார். பின்னேரமானால் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெண்ணுறுப்பு வழியே சதை வெளியே வருகிறதாம். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் போய்விடுகிறது. தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். வலை வைத்து ஒபரேஷன் செய்யலாம் என்றார்கள். லண்டனில் இருக்கும் சித்தியின் மகளோ, "அதை இங்கே நிறுத்திவிட்டார்கள், வேண்டவே வேண்டாம்" என்கிறாள். ஆனால் அப்பாவுக்கு ஹேர்னியாவுக்கு வலை வைத்து ஒன்பது வருஷமாகிறது, ஒரு தொல்லையும் இல்லை. பக்கத்துக் காம்பரா அக்கா, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஓர் ஆசிரியை, மஸ்கெலியா

பதில்:
மகள், லண்டனில் இருக்கும் தங்கை சொன்னது உண்மை. அந்த டொக்டர் சொன்னதும் தப்பாக இருக்க வேண்டியதில்லை. 'வலை' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு ஒபரேஷன்கள் இருக்கின்றன. அம்மாவுக்குச் சொன்னது அதில் எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அது தெரியும்வரை நாள் குறிக்காதீர்கள். ஐந்தாறு வருஷம் இருந்த வருத்தம் இன்னும் நாலைந்து மாதத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடாது.

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அம்மாவைக் கோபிக்காதீர்கள். மலையகத்து ஆஸ்பத்திரிகளில் பெண்கள் கிளினிக்கில் நீண்ட காலம் வேலை செய்தவள் நான். இந்த வருத்தத்தோடு வருகிறவரை வாசலிலேயே அடையாளம் தெரிந்துவிடும். கதிரையின் நுனியில்தான் உட்காருவார், நனைந்துவிடுமோ என்ற பயம். உள்ளே இரண்டு உள்பாவாடை, அதற்குள் பழைய சேலையை நாலாக மடித்து வைத்த துணி. என்ன செய்கிறது என்று கேட்டால் இடுப்பு வலி என்பார். கட்டிலில் ஏறி, நர்ஸ் திரையை இழுத்து மூடிய பிறகுதான் மெல்லிய குரலில் "அடி கொஞ்சம் இறங்கியிருக்கு" என்று வரும்.

ஒருவர் காலையில் மலைக்குப் போகுமுன் தேத்தண்ணி குடிப்பதையே விட்டிருந்தார். மலையில் கக்கூஸ் கிடையாது, செடிக்குள்தான் ஒதுங்க வேண்டும். இடுப்பில் கட்டும் படங்கு நனைந்தால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோருக்கும் முன்னால் எப்படி நிற்பது? அதனால் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்கமாட்டார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கடுக்கும், மலம் இறுகும். முக்கி முக்கியே அடி இன்னும் இறங்கும். உங்கள் அம்மாவும் இதைத்தான் செய்கிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இடுப்பெலும்புக்கு அடியில், சேலையில் கட்டிய ஏணை மாதிரி ஒரு தசைப் படுகை இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். நாலு பிரசவத்தில் அது இழுபட்டிருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு சதையின் வலு குறையும். மேட்டில் கொழுந்துச் சுமை, தலையில் விறகுக் கட்டு, அடுப்புப் புகையில் ஓயாத இருமல், இத்தனையும் சேர்ந்தால் ஏணை தொய்யாமல் என்ன செய்யும்? கீழே வருவது கர்ப்பப்பையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பல பேருக்கு முன்சுவரோடு சிறுநீர்ப்பைதான் இறங்கி வருகிறது.

சிறுநீர் ஒழுகுவது இதோடு சேர்ந்து வரும் இன்னொரு வருத்தம். இறக்கத்துக்குச் செய்யும் ஒபரேஷன் ஒழுகலைத் தீர்க்கும் என்று நம்பி ஏமாந்தவர்கள் பலர். ஒழுகலிலும் இரண்டு வகை உண்டு. இருமும்போதும் கூடை தூக்கும்போதும் போவது ஒன்று. பீலியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே அடக்க முடியாமல் ஓட வேண்டியிருப்பது மற்றது. இரண்டாவது வகைக்கு வலையால் பயன் இல்லை, சில நேரம் அது கூடிவிடும். அதற்கு மருந்தும், சிறுநீர்ப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் பயிற்சியும் இருக்கின்றன. அம்மாவுக்கு எந்த வகை, அல்லது இரண்டும் கலந்ததா என்று பாருங்கள். சீனி வருத்தம், சிறுநீர்க் கிருமி இரண்டுக்கும் சோதித்தார்களா என்றும் கேளுங்கள்.

இனி வலைக்கு வருகிறேன். பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூலில் பின்னியது அது. நுளம்பு வலையைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். வெட்டிய ஓரத்தில் விரலை ஓட்டினால் சுரசுரக்கும். உடம்புக்குள் வைத்ததும் சதை அந்தக் கண்களுக்குள் புகுந்து வளரும். முள்ளுக்கம்பி வேலியோரம் நிற்கும் கொய்யா மரம் வருஷம் போகப் போகக் கம்பியை விழுங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிதான். வலை தாங்கி நிற்பது அந்தப் பிடிப்பினால்தான். எடுக்க வேண்டி வந்தால் அந்தப் பிடிப்பே வினையாகிறது. மரத்தைச் சிதைக்காமல் கம்பியை உருவ முடியாது.

முதல் வகை, அடி இறக்கத்துக்காகப் பெண்ணுறுப்பு வழியாக உள்ளே வைக்கும் பெரிய வலை. அதுதான் உலகம் முழுக்கப் பெண்களை அழ வைத்தது. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்குப் பொறுப்பான எஃப்.டி.ஏ. நிறுவனம் 2008இல் ஓர் எச்சரிக்கை விட்டது. 2011இல், இதனால் வரும் கடுமையான சிக்கல்கள் அரிதானவை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. வைத்த ஒரு வருஷத்துக்குள் 100 பெண்களில் சுமார் 10 பேருக்கு வலை சதையை அரித்துக்கொண்டு வெளியே தெரிகிறது என்றும் கணக்குச் சொன்னது. 2016இல் அதிக ஆபத்துள்ள கருவிகளின் பட்டியலில் சேர்த்தது. 2019 ஏப்ரல் 16ஆம் திகதி, விற்பதை நிறுத்துங்கள் என்று கொம்பனிகளுக்கு உத்தரவிட்டது. அவுஸ்திரேலியா 2017 நவம்பரிலேயே அனுமதியை ரத்துச் செய்துவிட்டது. அம்மாவுக்குச் சொன்னது இந்த வகை என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். தயங்காமல் சொல்கிறேன்.

இரண்டாவது வகை, ஒழுகலுக்கு வைப்பது. ஒரு சென்றிமீற்றர் அகல நாடா, சிறுநீர்க் குழாய்க்கு அடியில் ஊஞ்சல் கயிறு மாதிரிப் போகும். சுவீடனைச் சேர்ந்த உல்ப் உல்ம்ஸ்டனும் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பீட்டர் பெட்ரோஸும் 1990களில் கொண்டுவந்த முறை இது. பெரும்பாலான பெண்களுக்கு நல்ல சுகம் கொடுத்திருக்கிறது. நாடா அரித்து வெளியே தெரிவது, ஆய்வுகளின்படி, 100க்குச் சுமார் 2 பேருக்கு. அமெரிக்காவில் இன்றைக்கும் வைக்கிறார்கள். இங்கிலாந்து 2018 ஜூலையில் பெண்ணுறுப்பு வழியாக வைக்கும் எல்லா வலையையும், இந்த நாடாவையும் சேர்த்து, விதிவிலக்கான ஆட்களுக்குத் தவிர நிறுத்தி வைத்தது. தங்கை சொன்னது இதைத்தான்.

மூன்றாவது, வயிற்று வழியாகப் போய்க் கர்ப்பப்பையையோ அது எடுத்த பிறகு மிஞ்சும் பெண்ணுறுப்பின் மேல்முனையையோ முதுகெலும்பின் அடியோடு இழுத்துக் கட்டும் வலை. இதில் அரிப்பு முதல் வகையை விடக் குறைவு. ஆனால் இது கைதேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய பெரிய ஒபரேஷன், முதல் முறையே எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

இங்கிலாந்தில் பரோனஸ் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் ஒரு குழு வலையால் கஷ்டப்பட்ட பெண்களை ஊர் ஊராகப் போய்க் கேட்டு 2020 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அதில் என்னை உறுத்தியது சிக்கல்களின் பட்டியலைவிட வேறொன்று. வலிக்கிறது என்று அந்தப் பெண்கள் சொன்னபோது டொக்டர்மார் நம்பவில்லை. எத்தனை பேருக்கு வலை வைத்தார்கள், எத்தனை பேர் கஷ்டப்படுகிறார்கள் என்ற சரியான பதிவும் அங்கே இருக்கவில்லை. லண்டனில் ஆங்கிலம் பேசும் பெண்ணின் கதி அது என்றால், சிங்களம் தெரியாமல் வாட்டில் படுத்திருக்கும் நம் தோட்டத்துப் பெண் சொல்வதை யார் காதில் வாங்குவார்கள் என்று நான் பல இரவுகள் யோசித்ததுண்டு.

வேறொரு இடத்தில் வலை வைத்துக்கொண்ட ஒருவர் ஒரு தரம் என்னிடம் வந்தார். ஏழு மாதமாக ஒரு பக்கமாய்ச் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்காரர் தன்னைக் குத்துகிறது என்று விலகிப் படுக்கிறாராம். அதைச் சொல்லும்போது சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பார்த்தேன். முன்சுவரில் ஓர் அரிசி மணி அளவுக்குச் சதை இல்லை. விரல் வைத்தால் தூண்டில் நரம்பின் வெட்டு முனை மாதிரித் தட்டுப்பட்டது. வெளியே தெரிந்த பகுதியை வெட்டி எடுத்துத் தைத்தோம். குத்துவது நின்றது. வலி குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

அப்பாவின் ஹேர்னியா வலையும் பெரும்பாலும் இதே நூல்தான். பின்னே ஏன் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை? அடிவயிற்றுச் சுவர் தடிப்பானது. அங்கே கிருமி இல்லாத சதைக்கு நடுவில் வலை அசையாமல் கிடக்கும். பெண்ணுறுப்பின் சுவரோ மெல்லிய தோல், மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் மெலியும். அங்கே இயல்பாகவே கிருமிகள் வாழும். நடக்கும்போதும் மலம் கழிக்கும்போதும் தாம்பத்தியத்திலும் அது இழுபடும். அதற்குள் வலை கொஞ்சம் சுருங்கினாலும் உயிர் போகும் வலி. ஹேர்னியா வலையிலும் சிக்கல் வருவதுண்டு என்றாலும் அப்பாவை வைத்து அம்மாவுக்கு முடிவெடுக்காதீர்கள்.

அப்புறம் என்னதான் செய்வது? உங்கள் அம்மா என் கிளினிக்குக்கு வந்திருந்தால் முதலில் ஒரு ரிங் போட்டுப் பார்த்திருப்பேன். சிலிக்கனில் செய்த, வளையல் மாதிரியான ஒரு வளையம். மடித்து உள்ளே வைத்தால் விரிந்து நின்று இறங்குவதைத் தாங்கிக்கொள்ளும். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. சரியான அளவு கிடைக்க இரண்டு மூன்று தரம் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். போட்டதும் இருமச் சொல்வோம், நடக்கச் சொல்வோம், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வோம். பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா கிளினிக் படிக்கட்டை இரண்டு தரம் ஏறி இறங்கிவிட்டு வந்து, "டொக்டர், கால் இரண்டும் எனக்குத் திரும்பி வந்த மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கு பஸ் ஏறுமுன் கடையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தாராம். அடுத்த கிளினிக்கில் அதைத்தான் முதலில் சொன்னார்.

ரிங் போட்டால் மறந்துவிடக் கூடாது. சில மாதத்துக்கு ஒரு தரம் எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப வைக்க வேண்டும். வருஷக்கணக்கில் வராமல் விட்டவர்களுக்கு வளையம் சதையில் புதைந்து போயிருக்கிறது. தவணைத் திகதியைக் கிளினிக் கொப்பியிலும் உங்கள் போனிலும் குறித்து வையுங்கள். உள்ளே வறட்சி இருந்தால் ஈஸ்ட்ரஜன் கிரீம் எழுதிக் கொடுப்பார்கள். இன்னொன்று: இறங்கிய சிறுநீர்ப்பை சிறுநீர்க் குழாயை மடித்து வைத்திருக்கும், ரிங் அதை நிமிர்த்தியதும் ஒழுகல் கூடலாம். பயப்பட வேண்டாம். ஒபரேஷனுக்குப் பிறகு தெரிய வேண்டியது முன்கூட்டியே தெரிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள், டொக்டரிடமும் சொல்லுங்கள்.

கூடவே தசைப் பயிற்சி. காற்றையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளே இறுக்கி மேலே இழுக்க வேண்டும். வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கவும் கூடாது. முதலில் மூன்று நாலு விநாடி, பழகப் பழகப் பத்து விநாடி. ஒரு தரத்துக்கு எட்டுப் பத்து முறை, நாளைக்கு மூன்று தரம். சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகச் சொல்வார்கள், அது வேண்டாம். இருமல் வருகிறது என்று தெரிந்ததும், கூடையைத் தூக்குமுன், ஒரு இறுக்கு இறுக்கப் பழக்குங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளியே வரும் இறக்கத்தை இது உள்ளே அனுப்பிவிடாது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இருமும்போது வரும் ஒழுகலுக்கு இது நல்ல மருந்து. கொழுந்துக்குக் கை போய்க்கொண்டே இருக்கும்போது நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

ரிங் ஒத்துவரவில்லை, அல்லது அம்மாவுக்கே வேண்டாம் என்றால் வலை இல்லாத ஒபரேஷன்கள் இருக்கின்றன. நம் நாட்டில் பலகாலமாகச் செய்து வருவது, கீழ் வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, தொய்ந்த சுவர்களை அம்மாவின் சொந்தச் சதையால் தைத்து இறுக்குவது. வயிற்றில் வெட்டுக் காயம் இருக்காது. கர்ப்பப்பையை எடுக்காமல் செய்யும் மான்செஸ்டர் முறையும் உண்டு. ஒழுகல் தீரவில்லை என்றால் வயிற்றுச் சுவரிலிருந்து சொந்தச் சவ்வை ஒரு பட்டையாக எடுத்து நாடாவாக வைக்கலாம், சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தூக்கித் தைக்கவும் செய்யலாம். இவற்றிலும் சில பேருக்குத் திரும்ப இறங்குகிறது, அதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: தொய்ந்தது ஏணை, அதில் கிடக்கும் கர்ப்பப்பை மேல் குற்றம் இல்லை. மேல்முனையைச் சரியாகத் தூக்கிக் கட்டாமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால், பிறகு அந்த முனையே இறங்கி வரும்.

எங்கே போவது? தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லி ஒரு துண்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தின் சுகவனிதையர் கிளினிக்குக்கு மிட்வைஃப் மிஸ்ஸோடு போங்கள். அங்கிருந்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ பெண்நோய் நிபுணரான வி.ஓ.ஜி. டொக்டரிடம் அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. சிக்கலான ஒபரேஷன் என்றால் கண்டி, பேராதனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

தனியார் டொக்டரிடமும் ஒரு தரம் திரும்பப் போய் மரியாதையாகக் கேளுங்கள். வலை இறக்கத்துக்கா, ஒழுகலுக்கா? கீழ் வழியாகவா, வயிற்று வழியாகவா? ரிங் ஏன் சொல்லவில்லை? இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், சிக்கல் வந்தால் எடுத்துவிட யார் இருக்கிறார்கள்? நல்ல டொக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் வேறு இடம் பாருங்கள். ஒழுகலுக்கான நாடாதான், எல்லாம் விளங்கித்தான் அம்மா சம்மதிக்கிறார் என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் வைத்த வலையின் பெயரும் இலக்கமும் உள்ள ஸ்டிக்கரை டயக்னோசிஸ் கார்ட்டில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. படிவம் இல்லை என்றால், தமிழ் தெரிந்த ஒருவர் வரி வரியாக வாசித்துச் சொன்ன பிறகு அம்மா கையெழுத்துப் போடட்டும்.

எந்த ஒபரேஷன் என்றாலும் குறைந்தது ஆறு வாரம் கூடையும் கூடாது, விறகும் கூடாது, தண்ணீர்க் குடமும் கூடாது. பேர் விழாதே, நாள் சம்பளம் போய்விடுமே என்று நாலாம் வாரமே மலைக்குப் போய்த் தையல் விட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மெடிக்கல் சான்றிதழ் வாங்குங்கள், அதற்குப் பிறகும் சுமை குறைந்த வேலை கேளுங்கள். வீட்டில் நாலு பிள்ளைகள் இருக்கிறீர்கள். விறகும் தண்ணீரும் இன்றிலிருந்தே உங்கள் பொறுப்பு.

மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ, வெளியே வந்த சதையில் புண் இருந்தாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ இதற்கெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

கிளினிக் நாளில் அம்மா கொஞ்சம் சிறுநீரை அடக்கிக்கொண்டு வரட்டும். கட்டிலில் இருமிக் காட்டச் சொல்வார்கள், பை காலியாக இருந்தால் ஒழுகுவது தெரியாது. முடிந்தால் பின்னேரக் கிளினிக்காகப் பாருங்கள். காலையில் இறக்கம் உள்ளே போயிருக்கும், நடந்து திரிந்த பிறகுதான் முழு அளவு தெரியும். ஒரு மாற்று உள்பாவாடையும் துவாயும் உங்கள் பையில் இருக்கட்டும், அம்மாவின் பையில் வேண்டாம். திரைக்குப் பின்னால் நீங்கள் கூட நில்லுங்கள்.